ஏழு லட்சம் பேருக்கும் ஒரு எம்எல்ஏ, ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கும் ஒரு எம்எல்ஏ: இது சரிதானா?

ஓஎம்ஆர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

தொகுதி மறுவரையறை (மக்கள்தொகையை வைத்துத் தொகுதி எல்லைகளையும் இடங்களையும் மாற்றுவது) என்றாலே நம் ஊரில் பேச்சு முழுக்க டெல்லியைப் பற்றித்தான் போகிறது. உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை இடம் கூடும், மக்களவையில் நமக்கு 39 இடம் நிற்குமா நிற்காதா என்று. அந்தக் கவலை எனக்கும் உண்டு, அதில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான். ஆனால் நம் மாநிலத்துக்குள்ளேயே ஒருவர் ஓட்டுக்கும் இன்னொருவர் ஓட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் இது.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் வந்த இறுதி வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். சோழிங்கநல்லூரில் சுமார் 6.94 லட்சம் வாக்காளர்கள். துறைமுகம் தொகுதியில் சுமார் 1.76 லட்சம். கீழ்வேளூரில் சுமார் 1.8 லட்சம். மூன்று தொகுதிக்கும் ஆளுக்கொரு எம்எல்ஏ, சட்டசபையில் ஆளுக்கொரு கை. மாநிலம் முழுக்க அப்போது 6.26 கோடி வாக்காளர்கள், 234 தொகுதிகள், அதாவது சராசரியாக ஒரு தொகுதிக்கு 2.68 லட்சம் பேர். அந்தக் கணக்கில் சோழிங்கநல்லூருக்கு மட்டும் இரண்டரை எம்எல்ஏ வர வேண்டும். ஆவடி, மாதவரம், மதுரவாயல், பல்லாவரம், கோவைப் பக்கம் கவுண்டம்பாளையம் எல்லாம் 4 லட்சத்தைத் தாண்டியவை.

இதைப் பணமாகவும் பார்க்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி எம்எல்ஏ ஒருவருக்கு வருடம் 3 கோடி ரூபாய், தொகுதி பெரிதா சிறிதா என்ற பேச்சே கிடையாது. துறைமுகத்தில் வாக்காளர் ஒருவருக்கு 170 ரூபாய் விழுகிறது, சோழிங்கநல்லூரில் இருக்கும் எங்களுக்கு 43 ரூபாய். மழை வந்தால் தண்ணீர் வடிய வழியில்லாத பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு 43 ரூபாய்.

நகரத்துக்காரர்களின் ஓட்டுக்கு மதிப்புக் குறைவாக இருப்பது நியாயமா? கிராமத்து நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க ஆசை.

---

டெல்டா விவசாயி

ஐயா, நீங்கள் பெயர் சொன்ன கீழ்வேளூர்தான் எங்கள் தொகுதி. கணக்கு சரி. ஆனால் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று எங்களுக்கு முன்பே தெரியும், ஏனென்றால் 2008இல் ஒருமுறை பார்த்துவிட்டோம். அந்த மறுவரையறையில் எங்கள் பக்கம் குத்தாலம் போனது, வலங்கைமான் போனது, திருவோணம் போனது. தெற்கே சாத்தான்குளம், சேரன்மாதேவி, இளையான்குடி, கடலாடி, அந்தப் பக்கம் ஆண்டிமடம். எல்லாம் தொகுதிப் பெயராக இருந்தவை, இன்று பக்கத்துத் தொகுதிக்குள் ஒரு மூலை.

தொகுதி போனால் எம்எல்ஏ மட்டும் போவதில்லை. நெல் கொள்முதல் நிலையம் திறக்கவில்லை, மூட்டை மழையில் நனைகிறது என்றால் நாங்கள் யாரிடம் போவது? உங்களுக்குத் தலைமைச் செயலகம் பக்கம், உயர் நீதிமன்றம் பக்கம், டிவிக்காரர்கள் எல்லோரும் பக்கம். ஓஎம்ஆரில் முட்டளவு தண்ணீர் நின்றால் அன்றைக்கே தலைப்புச் செய்தி. எங்கள் வயலில் குறுவை முழுகி ஒரு வாரம் ஆனாலும் எம்எல்ஏ வந்து வரப்பில் நின்றால்தான் வெளியில் தெரியும். கிராமத்துக்கு இருக்கிற ஒரே குரல் அதுதான், அதையும் தலை எண்ணிக்கையில் எடுத்துக்கொள்வேன் என்றால் எப்படி?

அப்புறம், கீழ்வேளூர் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய தனித்தொகுதி. இந்த மண்ணில் யார் எம்எல்ஏ ஆக முடியும் என்பதற்கே பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

---

நேர்மையாகப் பேசுவோம்

டெல்டா ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னைக்காரர்கள் முதலில் ஓட்டுப் போடட்டும். 2021இல் சென்னை மாவட்டத்தில் 59 சதவீதம், கரூரில் 83க்கு மேல். ஓட்டுப் போட வராதவர்களுக்கு எதற்கு இன்னும் இரண்டு எம்எல்ஏ?

---

கணக்கர்

@நேர்மையாகப் பேசுவோம், பிரதிநிதித்துவம் என்பது ஓட்டுப் போட்டவர்களுக்கான பரிசு இல்லை. தொகுதி பிரிப்பதே வாக்காளர் எண்ணிக்கையை வைத்து இல்லை, மக்கள்தொகையை வைத்துத்தான். பிறந்த குழந்தையும் அந்தக் கணக்கில் உண்டு. ஓட்டுப் போடாதவர் வீட்டுக் குழந்தை படிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரு எம்எல்ஏ கேள்வி கேட்க வேண்டும் இல்லையா.

இன்னொன்று, எல்லோரும் இதை நகரம் × கிராமம் என்று பார்க்கிறீர்கள். ஓஎம்ஆர்வாசி கொடுத்த எண்களை மறுபடி பாருங்கள். இருப்பதிலேயே சிறிய தொகுதி துறைமுகம். அது கிராமமா? சௌகார்பேட்டை, மண்ணடி, பாரிமுனை. எழும்பூர், இராயபுரம் எல்லாம் சுமார் 2 லட்சம்தான். மாநிலத்தில் ஓட்டுக்கு மிக அதிக மதிப்பு இருப்பது சென்னையின் நடு மையத்தில், மிகக் குறைவாக இருப்பது அதே சென்னையின் விளிம்பில். இரண்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கீழ்வேளூரிடமிருந்து பிடுங்கித்தான் சோழிங்கநல்லூருக்குக் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

---

மண்ணடிக்காரன்

எங்கள் தொகுதியில் ராத்திரி தூங்குகிறவர்கள் குறைவு. பகலில் வந்து போகிறவர்கள் எத்தனை லட்சம் என்று பாரிமுனையில் நின்று பாருங்கள். குப்பை, சாக்கடை, நெரிசல் எல்லாம் அந்த லட்சங்களுக்கும் சேர்த்துத்தான். அதையும் கணக்கில் வையுங்கள்.

---

பெரும்பாக்கம் பிளாக்

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் கூவம் ஓரத்தில், எழும்பூர் தொகுதியில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களை எடுத்து இங்கே பெரும்பாக்கத்தில் போட்டார்கள். எங்களுக்கு முன்னால் கண்ணகி நகருக்கு வந்தவர்கள், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு வந்தவர்கள் என்று இந்தப் பக்கம் பல்லாயிரம் குடும்பம். வேலை போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போனது, ஆஸ்பத்திரி தூரமானது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓட்டும் போனதை யாரும் எழுதவில்லை.

எழும்பூரில் நாங்கள் சுமார் 2 லட்சம் பேரில் ஒரு பங்கு. குடிசைப் பகுதி ஓட்டு இல்லாமல் அங்கே யாரும் ஜெயிக்க முடியாது, அதனால் தேர்தலுக்கு முன்னால் மட்டுமில்லை, நடுவிலும் வந்து நிற்பார்கள். அதுவும் தனித்தொகுதி. இங்கே பொதுத்தொகுதி, 7 லட்சம் பேர், ஐடி கம்பெனி அபார்ட்மெண்டுகளுக்கு நடுவில் எங்கள் பிளாக்குகள். எங்கள் எண்ணிக்கை ஒன்றும் சின்னது இல்லை, ஆனால் இந்தக் கடலில் கரைந்து போகிறது. ஆட்களை இடம் மாற்றினார்கள், எம்எல்ஏ இடத்தை மாற்றவில்லை. எழும்பூரில் இருந்து ஆட்கள் குறைந்தார்கள், அங்கே எம்எல்ஏ அப்படியே இருக்கிறார். இங்கே ஆட்கள் குவிந்தார்கள், இங்கேயும் ஒரே எம்எல்ஏதான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று அதிகாரிகளிடம் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம், எட்டாவது மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள். எம்எல்ஏவைக் குறை சொல்லவில்லை. 7 லட்சம் பேருக்கு ஒரே ஆள் எத்தனை இடத்துக்கு வருவார்?

---

ஓஎம்ஆர்வாசி

@பெரும்பாக்கம் பிளாக், மிக்க நன்றி அக்கா. நான் ஆரம்பித்தபோது நகரம், கிராமம் என்றுதான் கேள்வி வைத்தேன், நீங்களும் கணக்கரும் எழுதியதும் அது எங்கே இருக்கிறது என்று தெளிவாகிவிட்டது. வளருகிற விளிம்புதான் தோற்கிறது. ஆவடி, மாதவரம், கவுண்டம்பாளையம் எல்லாம் அதே கதைதான். ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அரசாங்கமே கொண்டு வந்து விட்டவர்கள், எல்லோரும் வந்து சேருகிற இடம்.

---

சட்டப்பக்கம்

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் நிறைய இருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 170ஆவது பிரிவு மாநிலம் முழுக்க ஒரு தொகுதிக்கான மக்கள்தொகை முடிந்தவரை சமமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லைகளைத் திருத்த வேண்டும். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம் இதை 2001 கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்கிற மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்பது காரணம். பிறகு 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஆனால் மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் 1991 கணக்கெடுப்பின்படி திருத்த அதே திருத்தம் வழி விட்டது.

2003இல் 87ஆவது திருத்தம் வந்தது. பலர் மறந்துவிட்ட திருத்தம், இந்த இழைக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை இடம் என்பதைத் தொடாமல், மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் 1991க்குப் பதில் 2001 கணக்கெடுப்பின்படி திருத்தலாம் என்று மாற்றியது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் அப்படித்தான் வேலை செய்தது. 2008இல் நடைமுறைக்கு வந்ததும் அதுதான். தமிழ்நாட்டுக்கு 39ம் 234ம் மாறவில்லை, உள்ளே கோடுகள் மட்டும் மாறின. சோழிங்கநல்லூர் தொகுதியே அப்போது பிறந்ததுதான்.

ஆக, இப்போது நாம் ஓட்டுப் போடும் எல்லைகள் 2001இல் யார் எங்கே இருந்தார்கள் என்பதை வைத்துப் போட்டவை. அந்த வருடம் ஓஎம்ஆர் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். அப்புறம் 2011 கணக்கெடுப்பைத் தொடக் கூடாது, 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 தான் குறிப்புத் தேதி.

டெல்லியில் இடப் பங்கீடு ஒரு கேள்வி, மாநிலத்துக்குள் எல்லை இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதால் முதல் கேள்வியில் நமக்கு இருக்கும் நியாயமான பயம் இரண்டாவது கேள்வியையும் பூட்டி வைத்திருக்கிறது. அப்போது பிரித்தது போல மறுபடியும் பிரிக்கலாம். முன்னுதாரணம் இருக்கிறது.

---

நேர்மையாகப் பேசுவோம்

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் சென்னையில் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டி வைத்து, மக்கள்தொகையை மட்டும் வைத்து இடம் பிரிக்காதே என்று சொன்னோம். உத்தரப் பிரதேசத்துக்காரர், என் ஓட்டுக்கு ஏன் மதிப்புக் குறைவு என்று கேட்டால் கூட்டாட்சி என்கிறோம். அதே கேள்வியைச் சோழிங்கநல்லூர்க்காரர் கேட்டால் மட்டும் தலைக்கு ஒரு ஓட்டு, சமம் என்கிறோம். டெல்லியில் ஒரு நியாயம், சென்னையில் ஒரு நியாயமா? டெல்டா ஐயா சென்னையைப் பார்த்துச் சொல்வதும் தமிழ்நாடு டெல்லியைப் பார்த்துச் சொல்வதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

---

கணக்கர்

நல்ல கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

அமெரிக்காவில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. டென்னசி மாநிலம் 1901க்குப் பிறகு அறுபது வருடம் தொகுதிகளைத் திருத்தவே இல்லை. ஊரெல்லாம் நகரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் சட்டசபை கிராமத்துப் பெரிய மனிதர்கள் கையில் இருந்தது, தங்கள் இடத்தைத் தாங்களே வெட்டிக்கொள்ளும் சட்டத்தை அவர்கள் ஏன் போடுவார்கள்? 1962இல் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்கலாம் என்றது. 1964இல் அலபாமா வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று எழுதினார். அப்போது கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) 60 லட்சம் பேருக்கு மாநில செனட்டில் ஒரே உறுப்பினர், மலைப்பக்கத்தில் 14 ஆயிரம் பேருக்கும் ஒருவர்.

அதே நாட்டில் தேசிய செனட்டில் சுமார் 5.8 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கும் இரண்டு, 3.95 கோடி பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த அமைப்பு அது என்பதால் அந்த ஏற்பாடு. கவுண்டிகள் அப்படி ஒப்பந்தம் போட்டு மாநிலமானவை இல்லை என்பதுதான் நீதிமன்றம் காட்டிய வித்தியாசம். அந்த செனட் நியாயமா என்பது வேறு சண்டை, நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கு மொழி, வரி வருவாய், தனிச் சட்டசபை, தனிக் கொள்கை எல்லாம் இருக்கிறது, மத்திய அரசு சொன்ன கொள்கையை நிறைவேற்றியதற்காகத் தண்டனை கூடாது என்று ஒரு தனி வாதமும் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது ஒரே அரசு, ஒரே வரி, ஒரே சட்டம். அதனால் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஜப்பானில் 1972 தேர்தலில் ஒரு ஓட்டின் மதிப்பு வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஆனபோது, 1976இல் அங்கே உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நம்முடையது நாலு மடங்கு.

---

டெல்டா விவசாயி

கணக்கர் தம்பி, அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒப்பந்தம் இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? சாப்பாட்டுக்கு நெல் என்றால் எங்கள் மண், எண்ணெய் எடுக்கும் ஓஎன்ஜிசி குழாய் என்றால் எங்கள் வயல். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டார்களே, அதற்கு அழுத்தம் கொடுத்தது இந்த டெல்டாவின் மக்களும் எம்எல்ஏக்களும்தான். டெல்டாவில் இரண்டு மூன்று தொகுதி குறைந்து, ஓஎம்ஆரில் இரண்டு மூன்று கூடியிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஜப்பான் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். 2016 தேர்தலில் மேலவைக்கு டோட்டோரி, ஷிமானே என்ற இரண்டு மாகாணங்களைச் சேர்த்து ஒரே தொகுதி ஆக்கினார்கள், டோகுஷிமாவையும் கோச்சியையும் அப்படியே. ஆட்கள் குறைந்துகொண்டே போகிற ஊர்கள். ஆட்கள் குறைவதால் இடம் குறையும், இடம் குறைவதால் ரோடும் ஆஸ்பத்திரியும் வராது, அதனால் இன்னும் ஆட்கள் குறைவார்கள். இந்தச் சுழலை யார் நிறுத்துவது?

---

வால்பாறை எஸ்டேட்

டெல்டா ஐயா சொல்லும் சுழலுக்கு நாங்கள் உதாரணம். 2001க்கும் 2011க்கும் நடுவில் வால்பாறையில் மக்கள்தொகை குறைந்துவிட்டது. கூலி கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். தொகுதிக்குப் பெயர் வால்பாறை, ஆனால் ஓட்டில் பெரும்பகுதி கீழே ஆனைமலைப் பக்கம். அடுத்த முறை கோடு போடும்போது பெயரும் மிஞ்சுமா தெரியவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டிய இடத்தையும் ஓஎம்ஆரையும் ஆட்களை மட்டும் எண்ணிச் சமம் என்றால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

---

சட்டப்பக்கம்

@வால்பாறை எஸ்டேட், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ‘முடிந்தவரை’ என்ற வார்த்தை அங்கே இருப்பதே அதற்காகத்தான். நிலப்பரப்பு, போக்குவரத்து வசதி, நிர்வாக எல்லை எல்லாவற்றையும் ஆணையம் பார்க்க வேண்டும். 2022இல் முடிந்த ஜம்மு காஷ்மீர் மறுவரையறையில் மாவட்டங்களை மலை, சமவெளி என்று மூன்று வகையாகப் பிரித்து, சராசரியிலிருந்து பத்து சதவீதம் கூடக் குறைய விட்டார்கள். அந்த ஆணையத்தின் முடிவுகள் பற்றிப் பெரிய சர்ச்சை உண்டு, அதை நான் ஆதரித்துப் பேசவில்லை. மலைக்குச் சலுகை கொடுக்க வழி இருக்கிறது என்று காட்டத்தான் சொன்னேன். பத்து சதவீதம் என்பது நியாயமான சலுகை. நாலு மடங்கு என்பது சலுகை இல்லை.

---

கிள்ளான் தமிழன்

வணக்கம், மலேசியாவிலிருந்து. கிராமத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் எங்கள் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அரசியல் சட்டத்தின் 13ஆவது அட்டவணையிலேயே பரப்பளவு பெரிதான கிராமப்புறத் தொகுதிகளுக்குச் சலுகை உண்டு என்று எழுதியிருக்கிறது. 1957இல் சுதந்திரம் வந்தபோது வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 1962இல் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி வரை இருக்கலாம் என்று மாற்றினார்கள். 1973இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். சலுகை என்ற கதவைத் திறந்து தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று.

2013 பொதுத்தேர்தலில் காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791. ஒன்பது மடங்கு. புத்ராஜெயா கிராமம் இல்லை, அரசாங்க அலுவலகங்களுக்காகக் கட்டிய புது நகரம். அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு ஏறக்குறைய 51 சதவீத ஓட்டு, கிடைத்தது 222இல் 89 இடம். கிராமத்து விவசாயிக்கென்று சொல்லிக் கொடுத்த சலுகை ஆளும் கட்சிக்குத் தோதான இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

காப்பாரைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டும், செம்பனைக்கும் (பாமாயில் தரும் பனை) வீடமைப்புக்கும் மாற்றியும் எங்கள் ஆட்கள் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது போய்ச் சேர்ந்தது கிள்ளான், காப்பார் போன்ற இடங்கள்தான். கிராமத்தில் இருந்தவரை தோட்ட நிர்வாகத்துக்குக் கீழே, நகரத்துக்கு வந்த பிறகு எண்ணிக்கையில் வீங்கிய தொகுதியில். பெரும்பாக்கம் சகோதரி எழுதியதைப் படித்தபோது எங்கள் கதையை அப்படியே பார்த்தேன். கிராமத்துச் சலுகை ஏழைக்கு என்று நினைக்காதீர்கள், ஏழை எந்தப் பக்கம் துரத்தப்படுகிறான் என்று பாருங்கள்.

---

பனியன் ஊர்க்காரன்

யாரும் தொடாத ஒரு சிக்கல். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்கிற நம் ஆட்களில் ஏகப்பட்ட பேர் ஓட்டை ஊரிலேயேதான் வைத்திருக்கிறார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டப்படி வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும், நடைமுறையில் ரேஷன் கார்டு, வீடு, குலதெய்வம் எல்லாம் ஊரில், மனசும் ஊரில். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களைத் திருப்பூரில்தான் எண்ணுவார்கள். அதாவது திருப்பூருக்குத் தொகுதி கூடும், ஓட்டு ஊரில் விழும்.

அதோடு எங்கள் ஊரிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வேலை செய்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள். கணக்கெடுப்பில் இங்கே எண்ணப்படுவார்கள், ஓட்டு அவர்கள் ஊரில். அப்படிப் பார்த்தால் வாக்காளர் பட்டியலை வைத்து ஓஎம்ஆர்வாசி போட்ட நாலு மடங்கு கணக்கு, மக்கள்தொகையை வைத்தால் சில இடத்தில் இன்னும் பெரிதாகும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இது சரி என்றே படுகிறது. ஓட்டு இல்லாவிட்டாலும் அந்தத் தொழிலாளி குடிக்கிற தண்ணீர் இந்த ஊர்த் தண்ணீர்தானே, அதற்கு இந்த ஊர் எம்எல்ஏதானே பேச வேண்டும்.

---

ஊராட்சி உறுப்பினர்

சட்டசபையை மட்டும் பார்த்துச் சண்டை போடுகிறீர்கள். உள்ளாட்சியைப் பாருங்கள், அங்கே தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், 2011 கணக்கில் கிராமப்புற மக்கள் 3.72 கோடி. ஒரு தலைவருக்கு சராசரி 3,000 பேர். தெருவில் நிறுத்திக் கேட்கலாம், கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். சென்னை மாநகராட்சியில் 66 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு 200 கவுன்சிலர்கள், ஒருவருக்கு 33 ஆயிரம் பேர். அந்த 200லும் 2011இல் எல்லையை விரித்தபோது பழைய நகரத்துக்கு 107, புதிதாகச் சேர்த்த 42 உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து 93. 2016இலிருந்து 2022 வரை அந்த கவுன்சிலர்கள்கூட இல்லாமல் அதிகாரிகள் நடத்தினார்கள்.

இப்போது பல ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சியோடு, நகராட்சியோடு சேர்க்கிறோம் என்கிறார்கள். 2025 ஜனவரியில் எத்தனை ஊரில் மறியல் நடந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பதுதான் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருக்கும் பயம் வேறு. 3,000 பேருக்கு ஒரு தலைவர் என்ற இடத்திலிருந்து பல ஆயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர் என்ற இடத்துக்குத் தள்ளப்படுகிறோம். எங்கள் மாவட்டம் உட்பட, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிட்டது, தனி அலுவலர் வந்துவிட்டார். ஓட்டின் மதிப்பு நாலில் ஒன்றா என்று நீங்கள் கேட்கிறீர்கள், எங்களுக்கு உள்ளாட்சியில் அந்த ஓட்டே நடக்கவில்லை.

டெல்டா ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நெல் மூட்டை நனைகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கெல்லாம் எம்எல்ஏவைத் தேடுகிறோம் என்றால் ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் அதிகாரமும் பணமும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டுச் சண்டை போட்டால் கிராமத்தின் குரல் எம்எல்ஏ எண்ணிக்கையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

---

டெல்டா விவசாயி

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்தை முதலில் கொடுங்கள், தொகுதியை அப்புறம் எடுங்கள். எப்போதும் எடுப்பது உடனே நடக்கிறது, கொடுப்பது அறிக்கையில் நிற்கிறது.

---

ஓஎம்ஆர்வாசி

ஐயா, உங்கள் வரிசைமுறை எனக்குச் சம்மதம்தான். ஆனால் தொகுதியை எடுக்க வேண்டிய இடம் முதலில் சென்னை மையம். துறைமுகம், எழும்பூர், இராயபுரம் பக்கம் கோடுகளை மாற்றினாலே சென்னைக்கான பங்கில் ஓர் இடம் விளிம்புக்கு வரும். அது போதாது என்பதும் தெரியும், செங்கல்பட்டும் திருவள்ளூரும் கோவையும் வளர்ந்திருக்கும் வேகத்துக்கு மற்ற மாவட்டங்களிலும் கை வைக்காமல் 234க்குள் முடியாது. அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு விருப்பமில்லை. சட்டசபை இடங்களைக் கூட்டினால் யாருக்கும் குறையாமல் விளிம்புக்குக் கொடுக்கலாம். மக்களவை 39ஐத் தொடாமல், 234ஐ மட்டும் கூட்டும்படி நாம் கேட்டால் என்ன? டெல்லியில் பேரம் பேசும்போது அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

---

சட்டப்பக்கம்

கேட்கலாம். அரசியல் சட்டம் ஒரு மாநிலச் சட்டசபையில் 500 பேர் வரை அனுமதிக்கிறது, ஆனால் மொத்த எண்ணிக்கையும் இப்போது உறைந்திருப்பதால் திருத்தம் வேண்டும்.

இன்னும் நடைமுறையாக ஒன்று. ஆணையம் அமைந்ததும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்பி, ஐந்து எம்எல்ஏ இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் வரைவு முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். பிறகு அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது அமர்வு நடத்த வேண்டும். ஆணையத்தின் கடைசி உத்தரவு வந்துவிட்டால் நீதிமன்றத்தில் சவால் விடுவது மிகக் கடினம். 2024இல் உச்ச நீதிமன்றம், வெளிப்படையான தன்னிச்சை இருந்தால் தலையிடலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது, அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வரைவு வரும் சமயத்தில் மனுவோடு போய் நிற்பதுதான் ஒரே நல்ல நேரம். 2008க்கு முன் நடந்த அமர்வுகளில் பேசியவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்கள்.

---

பெரும்பாக்கம் பிளாக்

அந்த அமர்வு நடந்தால் நாங்கள் வருவோம். ஒன்றே ஒன்றுதான் கேட்போம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றையும் ஆளுக்கொரு தொகுதியாகச் சிதறடிக்காதீர்கள், ஒரே தொகுதிக்குள் வையுங்கள். பட்டியல் இனத்தவர் விகிதம் அதிகமாக இருக்கும் இடத்தைத்தான் தனித்தொகுதி ஆக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, அப்படியானால் இங்கே எண்ணிப் பாருங்கள். சட்டப்பக்கம் சார், மனுவை எப்படி எழுத வேண்டும் என்று இங்கேயே போட்டால் பிளாக் பிளாக்காகக் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

---

சட்டப்பக்கம்

போடுகிறேன் அம்மா. பிளாக் வாரியாகக் குடும்ப எண்ணிக்கை கையில் இருந்தால் எடுத்து வையுங்கள், வாக்குச்சாவடி எண்ணோடு சேர்த்து. வெறும் கோரிக்கையை விட எண்ணிக்கை உள்ள மனுவுக்குத்தான் அங்கே பதில் கிடைக்கும்.

---

டெல்டா விவசாயி

எங்களுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள் சார். கீழ்வேளூரை நாகப்பட்டினத்தோடு சேர்க்கக் கூடாது, சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனித்தொகுதி என்பதாவது போகக் கூடாது என்று. பெரும்பாக்கம் அம்மா கேட்பதும் நான் கேட்பதும் ஒரே சட்டப்பிரிவில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வருகிறது என்றால் இரண்டு மனுவையும் ஒன்றாகவே கொடுக்கலாம்.